ஐந்து பறவைகளில் தொடங்கிய கூட்டம்

மாணவர்களே, ஒரு குப்பி நிறையப் பல நிறக் கோலிக்குண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பியைக் கவிழ்த்து ஒருமுறை குலுக்குகிறீர்கள். கழுத்து குறுகலாக இருப்பதால் ஐந்து குண்டுகள்தாம் விழுகின்றன: நான்கு சிவப்பு, ஒரு நீலம். பச்சையும் மஞ்சளும் வெளியே வரவில்லை. அவற்றில் குறை ஏதும் இல்லை, விழவில்லை, அவ்வளவுதான். ஓர் உயிரினத்தின் எண்ணிக்கை திடீரெனச் சரியும்போதும் இதுவே நடக்கிறது. இதைக் ‘குப்பிக்கழுத்து விளைவு’ என்பார்கள். குண்டுகளின் நிறத்துக்குப் பதிலாக அங்கே அல்லீல்கள், அதாவது ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள், தொலைந்துபோகின்றன.

நியூசிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில் சாத்தம் தீவுகள் உள்ளன. அங்கு வாழும் சின்னஞ்சிறு பறவை கருப்பு ராபின். குடியேறிகளோடு வந்த பூனைகளும் எலிகளும் அதை ஏறக்குறைய அழித்துவிட்டன. 1980-ஆம் ஆண்டில் எஞ்சியவை ஐந்தே. அவற்றுள் வெற்றிகரமாகக் குஞ்சு பொரித்த பெண் பறவை ஒன்றுதான். காலில் நீல வளையம் இருந்ததால் அதற்கு ‘ஓல்ட் புளூ’ என்று பெயர். டான் மெர்ட்டன் தலைமையிலான குழு அதன் முட்டைகளை எடுத்து, டாம்டிட் என்ற வேறு பறவையின் கூட்டில் அடைகாக்க வைத்தது. முட்டைகளை இழந்த ஓல்ட் புளூ மறுபடியும் முட்டையிட்டது. இன்றுள்ள 200-க்கும் மேற்பட்ட கருப்பு ராபின்கள் எல்லாம் அந்த ஒரே இணையின் சந்ததி.

எண்ணிக்கை மீண்டது, இழந்த அல்லீல்கள் மீளவில்லை. கடன் வாங்க வேறு கூட்டமும் கிடையாது. சடுதி மாற்றத்தால் புதியவை தோன்றலாம், ஆனால் அது மிக மெதுவாக நடப்பது.

அதைவிட வியப்பான ஒன்றும் நடந்தது. சில பெண் பறவைகள் கூட்டின் விளிம்பிலேயே முட்டையிட்டன. விளிம்பில் கிடக்கும் முட்டை அடைகாக்கப்படாமல் வீணாகும். ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த காலம்! பணியாளர்கள் அவற்றைக் கூட்டுக்குள் நகர்த்தி வைத்தார்கள். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் விளிம்பில் முட்டையிடும் பழக்கம் மரபுவழி வருவது. பெரிய கூட்டத்தில் இயற்கைத் தேர்வு அதை அரிதாகவே வைத்திருக்கும். இங்கே கூட்டமோ மிகச் சிறியது. போதாததற்கு மனித உதவி வேறு. 1989-ஆம் ஆண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண் பறவைகள் விளிம்பில் முட்டையிட்டன. அப்படியே தொடர்ந்திருந்தால், மனிதக் கை இல்லாமல் அந்த இனம் பெருகவே முடியாத நிலை வந்திருக்கும்.

பிறகு, முட்டைகளை நகர்த்துவதை நிறுத்தினார்கள். கண்ணெதிரே முட்டைகள் வீணாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. சுமார் இருபது ஆண்டுகளில், விளிம்பில் முட்டையிடும் பறவைகள் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகிவிட்டன.