காய்ப்புழுவின் பெயரும் இனமும்

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாகப் பகுத்த தொல்காப்பிய மரபியல், தும்பியை நான்கறிவுயிருள் அடக்குகிறது. அளவுகோல் மாறின் வகைப்பாடும் மாறும். இவ்வுண்மையைச் சாணார்பட்டி வட்டாரத்து உழவர் நன்கறிந்த காய்ப்புழுவின் வரலாற்றிலும் காணலாம்.

தக்காளி, பருத்தி, துவரை ஆகியவற்றின் காய்களையும் மக்காச்சோளக் கதிரையும் குடைந்து தின்பது இப்புழு. இதன் அந்துப்பூச்சிக்கு 1808-இல் 'ஆர்மிஜெரா' எனப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹியூப்னர். பின்னர் இது நெடுங்காலம் 'ஹீலியோதிஸ்' என்னும் பேரினத்துள் வைத்து எண்ணப்பட்டது. புழுவின் நிறமோ பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு எனப் பலவாறு வேறுபடும். ஆதலின் புறத்தோற்றம் நம்பத்தக்க சான்றாகவில்லை. கனடா நாட்டு அறிஞர் ஹார்ட்விக், ஆண் பெண் பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்பமைப்பை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1965-இல் 'ஹெலிகோவெர்பா' என்னும் தனிப் பேரினத்தை நிறுவினார். அன்றுமுதல் இப்பூச்சி ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா ஆயிற்று.

நம் நாட்டில் இதனை 'அமெரிக்கன் காய்ப்புழு' என்றும் வழங்குவர். இது பொருந்தாப் பெயராகும். அமெரிக்காவுக்கு உரியது இப்பேரினத்தின் மற்றொரு சிற்றினமாகிய 'சியா'. ஆர்மிஜெராவோ ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களுக்கு உரியது. அமெரிக்கக் கண்டத்தில், பிரேசில் நாட்டில், அது இருப்பது 2013-இல்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது.

பெயராய்வினால் உழவர்க்கு என்ன பயன் என வினவலாம். இந்தியாவில் இப்பேரினத்தைச் சேர்ந்த 'அசல்டா' என்னும் சிற்றினமும் உண்டு. அது புகையிலை, மிளகாய் முதலிய கத்தரிக் குடும்பச் செடிகளையே பெரிதும் நாடும். ஆர்மிஜெரா பல குடும்பப் பயிர்களையும் தின்னும். இவ்விரண்டின் பெண் பூச்சிகளும் அதே இரு மணப்பொருள்களையே வெளியிட்டு ஆணை அழைக்கின்றன. ஆயினும் கலவை விகிதம் ஏறத்தாழத் தலைகீழானது. ஆர்மிஜெராவின் மணத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடாக இருக்கும் பொருள், அசல்டாவின் மணத்தில் சிறுபங்கே ஆகும். எனவே, ஒன்றற்கென அமைத்த இனக்கவர்ச்சிப் பொறி மற்றொன்றைச் செவ்வனே ஈர்க்காது. இனமறியாது பொறி வைப்பின் பொருளும் உழைப்பும் வீணாம். பொறியில் பூச்சி விழாமை கண்டு வயலில் பூச்சியே இல்லை என மயங்கவும் நேரும்.

வகைப்பாடு வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. செயலுக்கு வழிகாட்டும் அறிவு. பயிர்ப்பூச்சிகளுக்கு உழவர் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றை உரிய சிற்றினங்களோடு பொருத்திக் காட்டுதல் தமிழ் பயிலும் மாணவரும் விலங்கியல் பயிலும் மாணவரும் இணைந்து ஆற்றத்தக்க நற்பணியாகும்.