கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழருக்கு முழுமையான வழிகாட்டி

மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் வரிசை முழுக்க இருமல் கேட்க அதிக நாள் ஆகாது. மற்றவர்கள் படுத்து எழுந்துவிடுவார்கள். கர்ப்பிணிக்கு அது நிமோனியாவாக முற்றக்கூடும். வயிறு பெருக்கப் பெருக்க நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. 2009-ல் எச்1என்1 ஃப்ளூ பரவியபோது கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை உலகமே பார்த்தது. ஃப்ளூ தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் சொன்னது.

படி 1: சரியான மருந்தைக் கேளுங்கள்

கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஃப்ளூ வராது. மூக்கில் தெளிக்கும் மருந்தில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ். அது கர்ப்பிணிகளுக்குக் கூடாது. "நான் மாசமாக இருக்கிறேன், ஊசிதானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

படி 2: பயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

"பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியார் சொன்னால் அது அக்கறையில் வரும் சொல். அவருக்கும் பதில் வேண்டும். அமெரிக்காவில் 1960-களிலிருந்தே கர்ப்பிணிகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். 2017-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கருச்சிதைவோடு தொடர்பு இருக்குமோ என்ற ஐயத்தைக் கிளப்பியது உண்மை. அதே குழுவினர் இன்னும் மூன்று ஃப்ளூ பருவங்களின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து, அப்படித் தொடர்பு இல்லை என்று 2019-ல் வெளியிட்டார்கள்.

பலன் பிள்ளைக்கும் உண்டு. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது; தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்தான் அதற்குக் காவல். வங்கதேசத்தில் 340 தாய்மாரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது: ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு, ஆய்வகத்தில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது.

படி 3: மழையைப் பார்த்து நாள் குறியுங்கள்

கேரளத்தில் ஜூன் மழையோடு காய்ச்சல் ஏறும். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்திலும் கூடும். தேவிகுளத்திலிருந்து தேனிக்கும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் இரண்டு மழையிலும் மாட்டுவார்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போட்டால் நல்லது. தவறிவிட்டால் பிறகாவது போடுங்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நம் ஊர் மருத்துவர்கள் சிலர் ஏழாம் மாதம்வரை பொறுக்கச் சொல்வார்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், போன பிரசவத்தின்போது போட்டது இப்போதைக்குப் போதாது.

படி 4: எங்கே போடுவது

ரணஜன்னிக்கான டிடி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது; இது அதில் இல்லை. தனியாரில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகலாம். முதலில் ஆஷா அக்காவிடமும் தோட்டக் கம்பெனி ஆஸ்பத்திரியிலும் விசாரியுங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும். அடிமாலியில் கடையில் வாங்கிப் பையில் போட்டு பஸ்ஸில் மலையேற்ற வேண்டாம். மருந்து இருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். தேதியையும் மருந்தின் பெயரையும் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள். எல்லை தாண்டிப் போனால் அங்குள்ள நர்ஸுக்கு அந்த அட்டைதான் சாட்சி.

படி 5: ஊசி போட்ட நாள்

அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கைவலி, உடம்புவலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் போகும். மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, கை கால் செயலிழக்கும் கில்லன் பாரே நோய் வந்திருந்தாலோ, போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 6: அப்படியும் காய்ச்சல் வந்தால்

கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவு வருமுன் மருத்துவர் ஒசல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தொடங்குவதுதான் முறை. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104.