சீனி வருத்தமும் பசியும்: மூளை எழுதும் கணக்கு



"இப்போதுதானே சாப்பிட்டீர்கள், அதற்குள் பசியா?" என்று எமது தாயாரை நாம் பலமுறை கடிந்ததுண்டு. அவருக்குச் சீனி வருத்தம். அந்தப் பசி நாக்கின் குற்றமல்ல என்பதைப் பிந்தித்தான் அறிந்தோம். நாம் வைத்தியத் துறையைச் சார்ந்தவர்கள் அல்ல, கணக்கு எழுதுபவர்கள். வாசித்தும் வைத்தியரிடம் கேட்டும் அறிந்ததை இங்கு தருகின்றோம்.

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 வீதம். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதம் அதற்கே போகின்றது. அதன் பிரதான எரிபொருள் குளுக்கோஸ். ஆகவே, மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் என்னும் பகுதி வரவு செலவை ஓயாது கவனிக்கின்றது.

அங்கே இருவகை நரம்புக் கலங்கள் உள்ளன. ஒருவகை, நியூரோபெப்டைட் வை போன்ற இரசாயனங்களைச் சுரந்து "சாப்பிடு" என்கின்றது. மற்றையது "போதும்" என்கின்றது. சாப்பிட்டதும் இரத்தத்தில் சீனி ஏற, கணையம் இன்சுலினைச் சுரக்கின்றது. இன்சுலின் மூளைக்கும் சென்று முதல்வகையை அடக்குகின்றது. 1994 இல் கண்டறியப்பட்ட, கொழுப்பிலிருந்து வரும் லெப்டினும் அவ்வாறே. 1999 இல் கண்டறியப்பட்ட கிரெலின் இரைப்பையிலிருந்து வந்து பசியைத் தூண்டும்.

சீனி வருத்தத்தில் இன்சுலின் போதாது, அல்லது சரிவர வேலை செய்யாது. இரத்தத்தில் சீனி நிறைந்திருந்தும் "போதும்" என்ற செய்தி மூளையைச் சரியாகச் சென்றடைவதில்லை. வங்கியில் பணமிருந்தும் காசோலை திரும்பி வருவது போன்ற நிலை இது.

மறுபக்கமும் உண்டு. ஒரு கந்தசஷ்டியில் தாயார் வழமையான மாத்திரையை எடுத்துவிட்டு உணவைத் தவிர்த்தார். மாலைப் பூசையில் வியர்த்து, கை நடுங்கியது. "விரதக் களை" என்று நாம் பேசாமல் இருந்துவிட்டோம். பேச்சுத் தடுமாறியபின்தான் சோதித்தோம்: 3.1 மில்லிமோல். 4 இற்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அந்த நடுக்கமும் கடும் பசியும் மூளை அடித்த அபாய மணி. சீனி கரைத்த தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார்.

இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் விரதத்திற்கு முன் வைத்தியரிடம் மருந்தின் அளவைக் கேட்டறியுங்கள். கோயிலுக்கு வரும்போது குளுக்கோஸ் வில்லைகளை வைத்திருங்கள். நடுக்கம் கண்டால் உடனே எடுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊட்டாமல் அவசர சேவையை அழையுங்கள்.

உயிரைக் காக்க விரதத்தை முறிப்பது குற்றமாகாது. பசிக்கிறது என்று பெரியவர்கள் சொன்னால், கடிவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்.