எட்டரை மணிச் செய்தி

இரவு மணி 8.30. வசந்தம் ஒளிவழியில் தமிழ்ச் செய்தி தொடங்குகிறது. தாத்தா தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் பேத்தி, கையில் திறன்பேசியுடன். விரைவுச்சாலை விபத்து பற்றிய காட்சி திரையில் வந்ததும், "இதை நான் மத்தியானமே பார்த்துவிட்டேன், தாத்தா. ஐந்து பேருக்குக் காயம்," என்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கலாம்.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அன்றைய கலாசார அமைச்சர் திரு எஸ். ராஜரத்தினம் அதைத் தொடங்கிவைத்தார். அக்காலத்தில் பலரது வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. அவர்கள் சமூக நிலையங்களில் கூடிப் பார்த்தனர். செய்தி நேரத்தைத் தவறவிட்டால், மறுநாள் நாளிதழைத்தான் புரட்ட வேண்டும்.

அந்த முறையில் செய்தி ஆசிரியருக்கு ஒரு வசதி இருந்தது. காலையில் நடந்ததை இரவுக்குள் விசாரித்துச் சரிபார்க்க நேரம் கிடைத்தது. எது முதல் செய்தி, எது கடைசிச் செய்தி என்பதையும் அவரே முடிவு செய்தார். இணையம் வந்தபின் இரண்டுமே மாறிவிட்டன. மக்கள் இன்று தாங்கள் விரும்பும் நேரத்தில், விரும்பும் செய்தியை மட்டும் தனியாகப் பார்க்கின்றனர்.

தொலைக்காட்சி நிலையங்களும் சும்மா இருக்கவில்லை. மீடியாகார்ப் நிறுவனத்தின் தமிழ்ச் செய்திப் பிரிவு 'செய்தி' என்னும் இணையத்தளத்தையும் சமூக ஊடகப் பக்கங்களையும் நடத்துகிறது. தொலைக்காட்சிக்காகத் தயாரித்த செய்தியை அப்படியே இணையத்தில் போட்டால் போதாது. ரயிலில் செல்பவர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார். அவருக்காகக் காட்சியின் கீழே எழுத்துகள் ஓட வேண்டும். திறன்பேசித் திரைக்கேற்பப் படமும் நெட்டுவாக்கில் அமைய வேண்டும். முன்பு நெட்டுவாக்கில் படம் பிடித்தால் ஒளிப்பதிவாளருக்குத் திட்டு விழும். இப்போது அதுவும் அவருடைய வேலை!

இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். வேகம்தான் உண்மையான சிக்கல்.

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம். நாட்டின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ மருத்துவமனையில் கவலைக்கிடமாக இருந்தார். 18ஆம் தேதி, அவர் காலமாகிவிட்டதாகக் கூறும் அறிக்கை ஒன்றின் படம் திறன்பேசிகளில் பரவியது. பார்ப்பதற்கு அது பிரதமர் அலுவலகத்தின் இணையப்பக்கம் போலவே இருந்தது. அமெரிக்காவின் சிஎன்என், சீனாவின் சிசிடிவி போன்ற பெரிய நிலையங்களும் அதை நம்பிச் செய்தி வெளியிட்டன. பிறகு அதைத் திரும்பப் பெற்றன. அந்தப் படம் போலியானது. அதை உருவாக்கியவர் 16 வயதுகூட நிரம்பாத ஒரு மாணவர். காவல்துறை அவருக்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. திரு லீ காலமானது மார்ச் 23ஆம் தேதி அதிகாலை 3.18 மணிக்கு.

பிரதமர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ஆனால், அந்த நிமிடங்களுக்குள் மற்றவர்கள் முந்திக்கொள்வார்களே என்ற பதற்றம் இன்று எல்லாச் செய்தி அறைகளிலும் உண்டு. தொலைக்காட்சியில் தவறு நேர்ந்தால் அடுத்த செய்தியில் வருத்தம் தெரிவித்துத் திருத்தலாம். திறன்பேசியில் பகிரப்பட்ட படம் அப்படியன்று. நிலையம் திருத்திய பின்பும் பழைய படம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

தாத்தாவின் வீட்டில் செய்தி இன்னும் முடியவில்லை. "விபத்தில் இருவர் காயமடைந்தனர்," என்கிறார் செய்தி வாசிப்பவர்.

"ஐந்து பேர் என்றாயே, அம்மா?" என்று தாத்தா கேட்கிறார்.

பேத்தி திறன்பேசியில் தேடுகிறாள். 'செய்தி' தளத்தில் இருவர் என்றுதான் இருக்கிறது. அவள் மத்தியானம் பார்த்தது யாரோ அனுப்பிய காணொளி. அதை அவள் வகுப்பு நண்பர்களுக்கும் அனுப்பியிருந்தாள்.

"கொஞ்சம் இருங்கள், தாத்தா," என்று சொல்லிவிட்டு அவள் தட்டச்சு செய்யத் தொடங்குகிறாள்.