வை-பையில் சேர மறுக்கும் ஸ்மார்ட் பிளக்: கோளாறு எங்கே?

புதிய ஸ்மார்ட் பிளக்கைச் சுவரில் செருகியாகிவிட்டது. அதற்கான அப்ளிகேஷனை மொபைல் போனில் இறக்கி, வை-பை பாஸ்வேர்டையும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்து, கடைசியில் இணைக்க முடியவில்லை என்ற செய்திதான் வருகிறது. அதே வை-பையில் லேப்டாப்பும் டிவியும் நன்றாக இயங்குகின்றன. உடனே பிளக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இப்படி என்னிடம் வந்த பிளக், பல்பு, கேமராக்களில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருந்தன.

இந்தச் சாதனங்களுக்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. எனவே வை-பை பெயரையும் பாஸ்வேர்டையும் போன்தான் சொல்லித் தர வேண்டும். பல பிளக்குகள் இதற்காகத் தாமே ஒரு சிறிய வை-பையை உருவாக்கும்; சில ப்ளூடூத்தைப் பயன்படுத்தும். விவரம் கிடைத்தபின் பிளக் தானாக ரௌட்டரைத் தேடிச் செல்லும். ஆக, கோளாறு போனுக்கும் பிளக்குக்கும் இடையில் இருக்கலாம்; பிளக்குக்கும் ரௌட்டருக்கும் இடையிலும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்து கொள்ளுங்கள்.

முதல் சோதனை

இரண்டாவது போன் ஒன்றில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள். அதன் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும், டபிள்யூபிஏ2 பாதுகாப்பையும் தேர்ந்தெடுங்கள். ஐபோன் 12-ம் அதற்குப் பின் வந்தவையும் என்றால் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்தால் போதும். இந்த ஹாட்ஸ்பாட்டில் பிளக்கை இணைத்துப் பாருங்கள். இணைந்தால் பிளக் நன்றாக இருக்கிறது. பார்க்க வேண்டியது ரௌட்டரை. இணையவில்லை என்றால் போன் பக்கத்தைப் பாருங்கள்.

போன் பக்கம்

1. பிளக்கின் விளக்கு இணைப்பு நிலைக்கு உரிய விதத்தில் மின்னுகிறதா? இல்லையெனில் அதன் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். எத்தனை விநாடி என்பது உடன் வந்த தாளில் இருக்கும்.
2. மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் ஆஃப் செய்யுங்கள். பிளக்கின் சிறிய வை-பையில் இன்டர்நெட் கிடையாது என்பதால், போன் அதை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுவது உண்டு.
3. ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதியையும், ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியையும் அந்த அப்ளிகேஷனுக்குக் கொடுங்கள்.

இதற்குப் பிறகும் ஹாட்ஸ்பாட்டில் சேரவில்லை என்றால் தயங்காமல் வாரண்டியில் மாற்றிக் கொள்ளுங்கள்.

ரௌட்டர் பக்கம்

விலை குறைந்த சாதனங்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குபவை. 2014-ல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வெளியிட்ட இஎஸ்பி8266 சிப் இதற்கு நல்ல உதாரணம். 2.4 அலை 5 கிகாஹெர்ட்ஸை விடச் சுவர்களை நன்றாகக் கடக்கும். பிளக்குக்கு வேகமும் தேவையில்லை. எனவே ரௌட்டரில் 2.4 ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரு அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்தால், இணைத்து முடிக்கும் வரை 5-ஐ ஆஃப் செய்து வையுங்கள்.

வை-பை பெயரையும் கவனியுங்கள். அதற்கு 32 பைட் இடம்தான் உண்டு. தமிழில் பெயர் வைத்தால் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். 'கு' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட். இத்தகைய பெயரைச் சில சாதனங்கள் சரியாகப் படிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட எளிய பெயரே நல்லது. 2.4-ல் சேனல் 12 அல்லது 13 இருந்தால் 1, 6, 11-ல் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

பாஸ்வேர்டை எடுக்க வேண்டாம்

அண்மையில் நான் பார்த்த ஒரு வீட்டில், கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக் கொள்ள ஒரு வை-பை கேமரா வைத்திருந்தார்கள். ரௌட்டரை மாற்றியதும் கேமரா நின்றுவிட்டது. பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள் என்று யாரோ சொல்ல, அப்படியே செய்தார்கள். கேமரா இணைந்தது, ஆனால் வீட்டின் வை-பை தெருவுக்கே திறந்து கிடந்தது.

பாஸ்வேர்டை எடுத்ததும் சேர்கிறது என்றால் அதுவே நல்ல துப்பு. அலைவரிசையில் குறையில்லை, பாஸ்வேர்டை அல்லது பாதுகாப்பு வகையைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் புது ரௌட்டரில் 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 மட்டும் தேர்வாகியிருந்தது. பழைய கேமராவுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2-க்கு மாற்றி, பழைய ரௌட்டரில் இருந்த அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன். கேமரா தானாகவே வந்து சேர்ந்தது. ரௌட்டர் மாற்றும் எல்லோருக்கும் இந்த வழி உதவும். வீட்டில் பத்து பல்புகள் இருந்தாலும் ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க வேண்டியதில்லை.

2016-ல் மிராய் என்ற தீங்கு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பெருமளவில் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில், ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. எனவே சாதனம் இணைந்தவுடன் அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரௌட்டரில் விருந்தினர் நெட்வொர்க் வசதி இருந்தால் ஸ்மார்ட் சாதனங்களை அதில் தனியாக வையுங்கள். ஆஃப் செய்த 5 கிகாஹெர்ட்ஸையும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள்.