555 புத்தகமும் சிறு வியாபாரமும்

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை) பக்கம், தோட்டத்தை விட்டுச் சிறு வியாபாரத்தில் இறங்கிய சிலரின் கணக்கை அவ்வப்போது பார்த்துக் கொடுத்து வருகிறேன். தோசை மாவு, பலகாரம், தையல்; கைப்பக்குவத்தில் யாரும் குறைவில்லை. இடறுவது கணக்கில்தான்.

அந்தச் சின்ன 555 புத்தகம் எல்லாரிடமும் உண்டு. வரவேண்டிய கடன் அதில் இருக்கும். பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுத்தது இருக்காது. “பத்து வெள்ளிதானே அண்ணே” என்பார்கள். தினம் பத்தென்றால் மாதம் 300 வெள்ளி! உங்களுக்கென ஒரு தொகையைச் சம்பளமாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் கடையின் பணம்.

கடனே கொடுக்காதீர் என்று நான் சொல்லமாட்டேன். லயத்தில் அது நடவாத காரியம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். 8ஆம் தேதி பழைய பாக்கியைக் கேளுங்கள். அது தீராமல் புதுப் பக்கம் திறக்க வேண்டாம்.

தொழில் தொடங்கிய 30 நாளில் பதிவு செய்யவேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60. வங்கியிலோ, தெக்குன் நிறுவனம் 2008இல் இந்தியருக்கெனத் தொடங்கிய ஸ்பூமி திட்டத்திலோ கடன் கேட்டால் அந்தத் தாளைத்தான் தேடுவார்கள். ஆலோங் கேட்கமாட்டான், உண்மைதான். வட்டிக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பான். பதிவைக் கைப்பேசியிலேயே செய்யலாம். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.