புயலுக்குப் பின் ஏ.சி.: சுவிட்சைப் போடுமுன் சற்றுப் பொறுங்கள்



2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். புதுப்பட்டினம், கல்பாக்கம் பகுதியில் நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. வீட்டு ஏ.சி.யின் வெளி யூனிட் மொட்டை மாடியிலோ, கடலைப் பார்த்த சுவரிலோ இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தாலே அதற்கும் சோதனைக் காலம்தான்.

புயல் அடிக்கும்போது கெடுவது ஒரு பங்கு. மின்சாரம் வந்ததும் அவசரப்பட்டுச் சுவிட்சைப் போட்டுக் கெடுப்பது இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது நட்டத்தை நாம் தவிர்க்கலாம்.

சேதம் எப்படி ஏற்படுகிறது?

காற்றின் ஆட்டத்தில் தாங்கு சட்டம் தளர்ந்து செப்புக் குழாய் விரிசல் விட்டால் கேஸ் கசியும். மழைநீரும் கடல் உப்பும் உள்ளே புகுந்தால் மின் இணைப்புகளும் அலுமினியத் தகடுகளும் அரிக்கும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. மும்முனை மின்பாதையில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கியும் மின்சாரம் பாயலாம். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் மின்னணு அட்டை கருகிப்போக இது போதும்.

செய்ய வேண்டியவை

1. புயல் எச்சரிக்கை வந்ததும் ஏ.சி.யின் தனி எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது.

2. புயல் ஓய்ந்த பின் அறுந்த கம்பி, ஈரச் சுவர், சாய்ந்த யூனிட் எதையும் தொடாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் மின்னகத்துக்கு (94987 94987) உடனே தெரிவியுங்கள்.

3. மின்சாரம் திரும்பியதும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு வோல்டேஜையும் எர்த்தையும் சோதியுங்கள். மற்ற விளக்குகள் அதிகப் பிரகாசமாகவோ மங்கலாகவோ எரிந்தால் மெயினை உடனே இறக்குங்கள்.

4. யூனிட் தண்ணீரில் மூழ்கியிருந்தால் மெக்கானிக் மின்காப்பைச் சோதித்துச் சொல்லும் வரை ஓட்ட வேண்டாம். மூடியை நீங்களே கழற்றவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

5. குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் கேஸ் போயிருக்கக்கூடும். புதிய ஏ.சி.க்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 தீப்பற்றக் கூடியது. சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம்.

6. மூழ்காமல் உப்புச் சாரல் மட்டும் பட்டிருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெளித் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். நன்றாக உலர்ந்த பிறகே ஓட்டுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயம்

கடைக்கு எடுத்த பாலிசி, மாடி வீட்டு ஏ.சி.க்குத் தானாகப் பொருந்தாது. வீட்டுக்குத் தனியாக வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி புயல், வெள்ளச் சேதத்தை ஏற்கிறது. ஆனால் மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட் போன்றவற்றால் கருகிய அந்த இயந்திரத்துக்கு, மின்னலே காரணமானாலும், அதில் இழப்பீடு இல்லை. அதற்குத் தனிக் காப்பீடு உண்டா என்று இப்போதே உங்கள் முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அவசரம் நம்மை ஏமாற்றும். காற்றில் சாய்ந்து நனைந்த யூனிட்டுக்கு நட்டஈடு கேட்க வழியுண்டு. அதையே சோதிக்காமல் ஓட்டிக் கருக்கிவிட்டால், ஷார்ட் சர்க்யூட் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிட இடம் கொடுத்தவராவோம். ஆகவே எதையும் நகர்த்துமுன் பல கோணங்களில் புகைப்படம் எடுங்கள். கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பழுதின் காரணத்தை உள்ளது உள்ளபடி மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் வரை கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வாங்கிய பில்லைக் கடைக் கணக்கோடு பத்திரப்படுத்துங்கள்.

பதறாத காரியம் சிதறாது. இரண்டு நாள் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். போன உயிரையும், கருகிய இயந்திரத்தையும் மீட்க முடியாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாடிக்குப் போய் அந்தத் தாங்கு சட்டத்தின் போல்ட்டுகளை ஒருமுறை பார்த்து வையுங்கள்.